சுவர் பழைய நிலையில் உள்ளது

ஈரத்தைப் பற்றி இஸ்திரிக்காரருக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு பெரிய சலவை நிலையத்தில் நீராவிப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற மனிதர். புறங்கையால் ஒரு சட்டையைத் தொட்டால் போதும், ஈரம் காலரில் இருக்கிறதா, பட்டன் பட்டையில் இருக்கிறதா, இன்னும் எத்தனை நிமிஷம் கொடியில் கிடக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டுச் சுவரில்தான் ஈரம் வந்து குடியேறியது. அதற்கும் வேறு வீடு கிடைக்கவில்லை போலிருக்கிறது.

சொந்த வீடு இல்லை. குடியிருப்பு வாரியம் ஒதுக்கிய வீடு, இரண்டாவது மாடி. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. எட்டு வருஷம் காத்திருந்து வாங்கியது. படுக்கையறை மூலையில் மகளுடைய கட்டில். அந்தக் கட்டிலைப் போட வீட்டில் வேறு இடம் கிடையாது. மகளுக்கு ஒன்பது வயசு. ஆள் ஒல்லி, வாய் ஓயாது, அதனால் எல்லாருக்கும் அவள் குருவி.

கட்டிலை ஒட்டிய சுவரில் முதலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. அப்புறம் நாலு. அப்புறம் எல்லாம் கைகோத்துக்கொண்டு ஒரு உருவம். "அப்பா, ஒட்டகம்" என்றாள் குருவி. பார்த்தால் ஒட்டகமேதான். துடைத்தால் போகும், பத்து நாளில் திரும்பி வரும், வரும்போது கொஞ்சம் கொழுத்து வரும். ஒட்டகம் வளர வளரக் குருவிக்கு இருமலும் வளர்ந்தது. படி ஏறினால் இருமல், சிரித்தால் இருமல், கதை சொல்ல ஆரம்பித்தால் பாதியில் இருமல். கதை பாதியில் நிற்பதுதான் அவளுக்குப் பெரிய துக்கம். படுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள்.

டாக்டரம்மா குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, மருந்தை நான் எழுதிக்கொண்டே இருக்கலாம், வீட்டில் இருக்கிற பூசணம் போகாமல் இந்த இருமல் போகாது என்று சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டுக் குழாய்க்காரர் வந்து சுவரில் காதை வைத்தார். இஸ்திரிக்காரர் புறங்கையை வைத்தார். இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். மேல்வீட்டுக்குத் தண்ணீர் போகிற குழாய் அந்த மூலையில் சுவருக்குள்ளேயே திரும்புகிறது, அந்தத் திருப்பத்தில் கசிவு. "ரெண்டு மணி நேர வேலைண்ணே. ஆனா உளி வைக்கணும்" என்றார் குழாய்க்காரர்.

அங்கேதான் வினை. வாரியத்துச் சுவரில் குடியிருப்பவர் உளி வைத்தால் ஒதுக்கீடு ரத்து. கீழ்வீட்டில் ஒருத்தர் கடிகாரம் மாட்ட ஓர் ஆணி அடித்து, அந்தக் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்ற கதை ஊருக்கே தெரியும். ஆகவே அனுமதி கேட்பது என்று முடிவாயிற்று. குழந்தை விஷயம், எழுதிக் கேட்டால் தரமாட்டார்களா என்று நினைத்தார் இஸ்திரிக்காரர். பாவம், ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

வாரிய அலுவலகத்தில் ஈரத்துக்கு இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று வெளிப்படை ஈரப் பிரிவு, இன்னொன்று மறைவான ஈரப் பிரிவு. எதிரெதிரே இரண்டு ஜன்னல், நடுவில் ஒரு பெஞ்சு. மறைவான ஈரத்துக்கான விண்ணப்பத்தில் மூன்றாவது கேள்வி, ஈரத்தை நேரில் பார்த்தீர்களா என்பது. பார்த்தேன் என்று எழுதினார். பார்த்துவிட்டால் அது மறைவானது இல்லையே, எதிர் ஜன்னலுக்குப் போங்கள் என்றார் எழுத்தர். எதிர் ஜன்னலில் ஈரம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். சுவருக்குள்ளே என்றார். உள்ளே இருப்பது எப்படி ஐயா வெளிப்படை ஆகும் என்று திருப்பி அனுப்பினார்கள். பெஞ்சைச் சுற்றி நாலு பிரதட்சிணம். ஐந்தாவது சுற்றில் எழுத்தருக்கே மனசு இளகி, 'பார்க்கவில்லை, ஆனால் பார்த்ததுபோல் இருக்கிறது' என்று எழுதச் சொன்னார். விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மூன்று வாரம் கழித்து ஆய்வுக்கான அறிவிப்பு வந்தது. ஆய்வாளர் வரும் நாளில் சுவர்கள் துடைக்கப்பட்டு, புதிதாக வெள்ளையடிக்கப்பட்டிருக்க வேண்டும். அசுத்தமான சுவர்கள் ஆய்வு செய்யப்பட மாட்டா. இஸ்திரிக்காரர் அதை மூன்று தடவை படித்தார். மனைவி ஒரே தடவைதான் படித்தாள். "ஜுரம் பாக்க வர்ற டாக்டரு, ஜுரத்தை எறக்கி வெச்சுட்டுக் கூப்பிடுன்னு சொல்வாரா?" என்று கேட்டாள். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் விதி விதிதானே. புருஷனும் பெண்டாட்டியுமாக முக்காடு போட்டுக்கொண்டு ஒட்டகத்தைத் துடைத்து, பிளீச்சிங் பவுடர் தேய்த்து, இரண்டு கோட்டு வெள்ளையும் அடித்தார்கள்.

ஆய்வாளர் வந்தார். தோளில் வெள்ளைத் துண்டு, கக்கத்தில் பதிவேடு, சட்டைப் பையில் அளவு நாடா. சுவரைப் பார்த்ததும் நெகிழ்ந்துபோனார். வாரிய வீடுகளில் இப்படி ஒரு சுவரைக் கண்டு வருஷக்கணக்காகிறது என்றார். பிறகு பதிவேட்டைத் திறந்து, 'பூசணம் இல்லை' என்று எழுதி அடியில் கோடு போட்டார். வெள்ளைக்கு அடியில் இருக்கிறது சார் என்று இஸ்திரிக்காரர் கெஞ்சினார். அடியில் இருந்தால் தன் கண்ணுக்குப் பட்டிருக்குமே என்றார் அவர். ஒன்பதாவது நாள் ஒட்டகம் திமிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது.

இரண்டாவது விண்ணப்பம். இந்தத் தடவை, வெள்ளையடிக்காததற்கு முன்கூட்டியே ஒரு மன்னிப்புக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தார். ஆய்வாளர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார். ஈரத்தை அளக்கிற கருவி வாரியத்திடம் ஒன்று இருக்கிறது. ஈரம் படாமல் இருக்க அதைத் தலைமை அதிகாரியின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஆகவே கை சோதனை. ஆய்வாளர் துண்டால் கையைத் துடைத்தார், உள்ளங்கையைச் சுவரில் பதித்தார், முப்பது வரை எண்ணினார், எடுத்தார். கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இஸ்திரிக்காரருக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஆனால் விதிப்படி கை வேர்வையைக் கழிக்க வேண்டுமாம். ஆய்வாளர் நியாயமான ஆள், தனக்குச் சாதாரணமாகவே கை வேர்க்கும் என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டார். கழித்தது போக மிச்சம் எதுவும் இல்லை.

பூசணத்தை மட்டும் இந்தத் தடவை மறுக்க முடியவில்லை. நாடாவை எடுத்து அளந்தார். நீளம் எழுபத்தொரு சென்டிமீட்டர், உயரம் நாற்பத்தெட்டு, திமில் ஒன்று, கால் மூன்று. எல்லாவற்றையும் வரைபடத்தோடு பதிவேட்டில் ஏற்றி, அதற்கு ஓர் எண்ணும் கொடுத்தார். ஈரமே இல்லாமல் பூசணம் எப்படி சார் வந்தது என்று இஸ்திரிக்காரர் கேட்டார். ஆய்வாளர் பதிவேட்டை மூடிவிட்டு, ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்.

"சுவர் எங்களோடது. எங்க சுவர் கசியாது, அது அப்படித்தான் கட்டியிருக்கு. உள்ள விடற மூச்சு உங்களோடது. மூணு பேர் ராப்பகலா மூச்சு விடறீங்க. நீங்க வேற நீராவியில நாள் பூரா நின்னுட்டு, அதை உடம்புல ஏத்திக்கிட்டு வீட்டுக்கு வர்றீங்க. இவ்வளவு ஈரத்தை உள்ள கொண்டுவந்துட்டு சுவர் மேல பழி போட்டா, அந்தச் சுவர் வாய் திறந்து பேசுமா? அதுக்காகத்தான் நாங்க இருக்கோம்."

போகும்போது 'அளவோடு சுவாசிப்போம்' என்று ஒரு கையேட்டையும் ஒரு மூச்சுக் குறிப்பேட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். கையேடு தெளிவாகத்தான் இருந்தது. மூச்சை ஜன்னல் பக்கமாகத் திரும்பி விட வேண்டும். கொதிக்கிற பாத்திரத்தை மூடி வைக்க வேண்டும், முடிந்தால் கொதிக்கவே விடக் கூடாது. அழுகை வந்தால் மாடிப்படியில் போய் அழ வேண்டும். குறிப்பேட்டில் ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் வீட்டுக்குள் மூச்சு விட்டார் என்று தினமும் எழுத வேண்டும். ஓர் இருமலுக்கு இரண்டு மூச்சுக் கணக்கு.

ஒரு மாசம் அதையும் செய்தார்கள். சிரிக்காதீர்கள், வீடு போய்விடும் என்ற பயம் வந்தால் நீங்களும் செய்வீர்கள். மூன்று பேரும் ஜன்னலோரம் வரிசையாக உட்கார்ந்து வெளியே பார்த்து மூச்சு விட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் தன்னைத்தான் முறைக்கிறார்கள் என்று நினைத்துத் திரையைப் போட்டுக்கொண்டார். இஸ்திரிக்காரர் வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் தெருவில் நின்று தன்னைக் காயப்போட்டுவிட்டுத்தான் படியேறினார். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட வேண்டுமானால் கீழே இறங்கிப் போய்ப் போட்டார்கள். கீழே போவதற்குள் பாதிச் சண்டை மறந்துபோனது ஒன்றுதான் அந்தக் கையேட்டால் விளைந்த நன்மை. குருவி தன் இருமலைத் தானே எண்ணிக் குறிப்பேட்டில் எழுதினாள். கணக்கு ஏறக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு இருமலை விழுங்கப் பார்த்தாள். அதைப் பார்த்த அன்றைக்கு இஸ்திரிக்காரர் குறிப்பேட்டைப் பிடுங்கிப் பரணில் எறிந்தார்.

அப்புறம்தான் அவருடைய தொழில் புத்தி வேலை செய்தது. துவைத்த துணியைப் போட்டுக் கொடுக்கிற பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்துவந்து, சுவரில் விரித்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டினார். மூச்சினால் வருகிற ஈரம் என்றால் உறைக்கு வெளியே படிய வேண்டும், சுவருக்குள்ளிருந்து வருவதென்றால் உறைக்கு உள்ளே. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வெளியே சருகாகக் காய்ந்திருந்தது, உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். குழந்தைக்குக்கூடப் புரியும். குருவிக்குப் புரிந்தது. உறையை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு வாரியத்தின் தலைமை அதிகாரியைப் பார்க்கப் போனார்.

தலைமை அதிகாரியின் அறை பெரியது. ஒரு பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கருவி. இன்னொரு பக்கச் சுவர் பூராவும் வாரியம் வாங்கின பாராட்டுப் பத்திரங்கள், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு. ஒரு பத்திரத்தின் ஓரத்திலிருந்து கறுப்பும் பச்சையுமாக ஏதோ எட்டிப் பார்த்தது. அதிகாரி உறையை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார். உத்தரத்திலிருந்து ஒரு சொட்டு அவர் டீ டம்ளரில் விழுந்தது. பேச்சை நிறுத்தாமல் டம்ளரை நாலு விரற்கடை தள்ளி வைத்தார்.

"நீங்க புத்திசாலிதான்" என்றார். "ஆனா ஒண்ணு யோசிங்க. வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு வீட்டுலகூட மறைவான ஈரம் இருந்ததா பதிவே கிடையாது. ஒண்ணுகூட. அப்படி ஒரு பேரை எடுக்க இந்தப் பிரிவுல நாற்பது பேர் உழைக்கிறாங்க. நாளைக்கு உங்க வீட்டுல இருக்குன்னு நான் எழுதினா, இத்தனை வருஷமா இல்லைன்னு எழுதினவங்க என்ன ஆவாங்க? அவங்களுக்கும் குடும்பம் இருக்கு." இன்னொரு சொட்டு. டம்ளர் இன்னும் நாலு விரற்கடை நகர்ந்தது. "உங்களுக்கு இருக்கறது சுவர்ப் பிரச்சினை. எங்களுக்கு இருந்தா அது நிர்வாகப் பிரச்சினை."

உறையைப் பற்றி மட்டும் ஒரு முடிவு எடுத்தார். பிளாஸ்டிக் ஒட்டியதால் சுவர் வேர்த்திருக்கிறது, இனிமேல் அப்படிச் செய்யக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே ஒரு குளத்தையே டம்ளருக்குள் மறைத்தார்கள்.

அந்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த குருவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் என்னமோ சொல்ல வந்தாள். "அம்மா, இன்னிக்கு" என்றாள். அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வரவில்லை. உதடு நீலம் பாரித்து, கண் பிதுங்கி, அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, முகத்தில் கவசம் வைத்து மருந்துப் புகை விட்ட பிறகுதான் மூச்சு வழிக்கு வந்தது. சேதி கேட்டுச் சலவை நிலையத்திலிருந்து அப்படியே ஓடி வந்தார் இஸ்திரிக்காரர். மனைவி அழவில்லை.

"வீடு போனா போகட்டுங்க" என்றாள். "இவ இல்லாத வீட்டுல நான் யாருக்கு மூச்சை எண்ணணும்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுக் குழாய்க்காரர் உளியை வைத்தார். சத்தியமாக இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சுவருக்குள் குழாயின் திருப்பத்தைச் சுற்றி உருண்டையாக ஏதோ அப்பியிருந்தது. துணி என்று நினைத்து உரித்தால் காகிதம். ஊறிக் கூழாகிப்போன காகிதம், நடுவில் இருந்த ஒன்று மட்டும் படிக்கிற நிலையில். இவர்களுக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்தவருக்கு வாரியம் கொடுத்த சான்றிதழ். 'இச்சுவரில் ஈரம் இல்லை.' கசிவை அடைக்கக் கைக்கு அகப்பட்டதை வைத்து எந்தக் காலத்திலோ வாரியத்து ஆள் ஒருத்தர் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார். எழுத்து கலங்கியிருந்தது, முத்திரை மட்டும் அழியவில்லை.

"நல்ல மை" என்றார் குழாய்க்காரர்.

திருப்பத்தில் இருந்த பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிசு போட்டார். சுவர் காய வேண்டுமே, அதற்கு யாரிடம் போவது. இஸ்திரிக்காரர் பழைய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, துணியை விரித்து, ஐந்து நாள் சாயங்காலம் சாயங்காலம் சுவரை இஸ்திரி போட்டார். புறங்கை திருப்திப்பட்ட பிறகுதான் பூச்சு பூசினார்கள், வெள்ளையடித்தார்கள். ஒட்டகம் திரும்பி வரவில்லை. மூன்றாவது வாரம் குருவி ஒரு முழுக் கதையைத் தலையிலிருந்து வால் வரை சொல்லி முடித்தாள். கதை படுமோசம். அப்பாவும் அம்மாவும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள்.

நம் கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். வாரியம் என்று ஒன்று இல்லாமலிருந்தால் முடிந்திருக்கும்.

மூச்சுக் குறிப்பேட்டைச் சரிபார்க்க ஆய்வாளர் வந்தார். படுக்கையறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பதிவேட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார்.

"இங்க ஒரு பூசணம் இருந்துச்சே" என்றார்.

துடைத்தோம், போய்விட்டது என்றார் இஸ்திரிக்காரர். ஆய்வாளருக்கு அது போதவில்லை. எண் கொடுத்த பூசணம் அது. பதிவேட்டில் ஏறிய எதுவும் வாரியத்தின் சொத்து. குடியிருப்பவர் தன் இஷ்டத்துக்குத் தொலைத்துவிட முடியாது. பதினைந்து நாளுக்குள் சுவரைப் பதிவேட்டில் உள்ள பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தவறினால் சுவரைச் சுரண்டி விசாரணை நடக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சுரண்டினால் புதுப் பூச்சு தெரியும். புதுப் பூச்சு தெரிந்தால் உளி தெரியும். உளி தெரிந்தால் தெரு. இஸ்திரிக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாய் படாத பாடு பட்டு விரட்டியதை மறுபடி எங்கே போய் அழைத்துவருவது. சுவரில் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டார். யோசித்ததற்கே தன் கன்னத்தில் தானே ஒன்று போட்டுக்கொண்டார்.

"நான் போடறேம்ப்பா" என்றாள் குருவி.

பள்ளிக்கூட வர்ணப் பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். பார்த்து வரைய எதுவும் இல்லை, பதிவேடு ஆய்வாளரிடம் இருக்கிறது. அவள் எதையும் கேட்கவும் இல்லை. முதலில் திமில். அப்புறம் கழுத்து. வயிற்றுக்கு அடியில் ஒரு பச்சைத் திட்டு. "இந்தக் கால் பரீட்சை சமயத்துல வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது காலைப் போட்டாள். "இந்தப் புள்ளி எனக்கு ஊசி போட்ட அன்னிக்கு." ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நாள் வைத்திருந்தாள். ஒரு வருஷம் மூச்சு முட்டிக்கொண்டு அதை மட்டுமே பார்த்துக் கிடந்திருக்கிறாள் குழந்தை. மனைவி பாதியில் எழுந்து மாடிப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். பழக்கம் விடவில்லை.

பதினைந்தாவது நாள் ஆய்வாளர் வந்தார். நாடாவைப் பிடித்தார். நீளம் எழுபத்தொன்று. உயரம் நாற்பத்தெட்டு. திமில் ஒன்று, கால் மூன்று. வரைபடத்தைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு புள்ளியாக ஒத்துப் பார்த்தார். இஸ்திரிக்காரர் நின்ற இடத்திலேயே கை சோதனை இல்லாமல் வேர்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் முறைப்படி துண்டால் கையைத் துடைத்துச் சுவரில் பதித்து முப்பது எண்ணினார். கை உலர்ந்து வந்தது. விரல் நுனியில் கொஞ்சம் பச்சை ஒட்டியிருந்தது, அதைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பூசணம் இருக்கு. ஈரம் இல்லை" என்றார். "முதல் நாள்லேர்ந்து நாங்க இதைத்தான் சொல்லிட்டிருக்கோம்."

'சுவர் பழைய நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, இஸ்திரிக்காரர் கையில் கொடுத்தார். பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். பிறகு குருவியின் பக்கம் திரும்பி, பாப்பா ஜன்னலைப் பார்த்துத்தானே மூச்சு விடுகிறாய் என்று கேட்டார்.

குருவி அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஜன்னல் பக்கம் கை காட்டவில்லை. அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள், எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவும். ஓர் இருமல்கூட இல்லாமல், ஆய்வாளர் முகத்துக்கு நேராக, முழுசாக விட்டாள்.

ஆய்வாளர் பேனாவை எடுத்து, மூச்சு ஒன்று என்று குறித்துக்கொண்டார்.